84 மாத்திரைக்கு அப்புறம்

வணக்கம் நேயர்களே. கரையில் வலைச் சிக்கு எடுத்துக்கொண்டே கேட்கிறவர்களுக்கும், படகில் இருந்து கேட்கிறவர்களுக்கும், உலை வைத்துவிட்டு ஒரு காதை இந்தப் பக்கம் வைத்திருக்கிற பெண்களுக்கும் வணக்கம்.

நான் தங்கச்சிமடத்துக்காரி. 1996இல் இருந்து சத்துணவு அமைப்பாளர் வேலை. கல்லீரலைப் பற்றிப் பேச டாக்டரைக் கூப்பிடாமல் இந்தம்மாவை ஏன் கூப்பிட்டார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். ஹெபடைட்டிஸ் சி என்ற கிருமி என் ரத்தத்தில் 27 வருடம் இருந்தது. மருந்து சாப்பிட்டேன், போய்விட்டது. ஆனால் அது போன பிறகு உடம்பில் பழைய தெம்பு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடம் இப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் முன்னாடியே சொல்லவில்லை. இன்றைக்கு இந்தக் கரையில் யாராவது ஒருவர் கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு, "இன்னும் ஏன் இப்படி அசதியா இருக்கு" என்று பயந்துபோய் உட்கார்ந்திருக்கலாம். அவருக்காகத்தான் வந்தேன்.

கிருமி எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994இல் இரண்டாவது பிரசவம். ரத்தப்போக்கு நிற்கவில்லை, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அந்த ரத்தம் இல்லையென்றால் நான் இல்லை, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சி கிருமியைக் கண்டுபிடித்ததே 1989இல்தான். அந்த வேலைக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் என்ற மூன்று பேருக்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டு ரத்த வங்கிகளில் இந்தக் கிருமிக்கான சோதனை கட்டாயமானது 2000க்கு அப்புறம்தான். அதற்கு முன்னால் பிரசவத்திலோ விபத்திலோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடுங்கள். மஞ்சள் காமாலை வந்தால்தானே கல்லீரல் வியாதி என்று நினைப்போம்? எனக்கு ஒரு நாளும் கண் மஞ்சளாகவில்லை. 2021இல் கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக ரத்தம் எடுத்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் கல்லீரலில் தழும்பு ஏறி, சிரோசிஸ் தொடங்கியிருந்தது. ஃபைப்ரோஸ்கேன் என்று ஒரு சோதனை உண்டு, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்ப்பார்கள், எண் கூடக் கூட இறுக்கம் அதிகம். அதில் எனக்கு 14க்கு மேல் காட்டியது.

மருந்து எளிது. சோபோஸ்புவிர், வெல்படாஸ்விர் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று, 12 வாரம். மூன்று டப்பா, 84 மாத்திரை. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே தருகிறார்கள். நூறு பேர் சாப்பிட்டால் 95 பேருக்கு மேல் குணமாகிவிடுகிறது. முன்காலத்தில் இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள், சிலருக்கு 48 வாரம் வரைக்கும். காய்ச்சல், முடி கொட்டுவது, மனம் சோர்ந்துபோவது என்று படாத பாடு. அந்த ஊசியைத் தாங்கி வந்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் பொறுமைக்கு என் வணக்கம்.

என் கடைசி மாத்திரை முடிந்தது 2022 ஜூனில். நம் ஊரில் ஏப்ரல் 15இல் இருந்து ஜூன் 14 வரை தடைக்காலம் அல்லவா, 61 நாள் கட்டிக் கிடந்த விசைப்படகெல்லாம் புதுப் பெயிண்ட் வாசத்தோடு கிளம்பிப் போன அதே வாரம். நானும் இனிமேல் ஓடலாம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் விடியற்காலை தெருக் குழாய்க்குப் போய் ஒரு குடம் தண்ணீர் பிடித்தேன். குழாயில் இருந்து எங்கள் வீட்டு வாசல் நாற்பது, ஐம்பது எட்டு வைக்கிற தூரம் இருக்கும். இடுப்பில் வைத்து நடந்தால் பாதிகூட வரவில்லை, கால் நடுங்குகிறது. இறக்கி வைத்தேன். திரும்பத் தூக்கினேன், பூவரச மரத்தடியில் இறக்கினேன். வாசற்படிக்கு முன்னால் மறுபடியும். ஒரு குடத்துக்கு மூன்று தடவை. கடைசியில் படியில் உட்கார்ந்தபோது, குடத்தில் தளும்பிய தண்ணீர் சேலையை நனைத்துக்கொண்டு ஓடியது. எழுந்து தள்ளி உட்காரக்கூடத் தெம்பில்லை.

எதிர்வீட்டுக்காரி நல்லவள்தான். இருந்தாலும் கேட்டுவிட்டாள்: "மதினி, மருந்துதான் முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன படுத்தே கெடக்கீக?" எனக்குப் பதில் தெரியவில்லை. மருந்து வேலை செய்யவில்லையோ என்று ராத்திரியெல்லாம் யோசனை. மருந்து முடிந்து 12 வாரம் கழித்து ஒரு சோதனை எடுப்பார்கள். அதில் கிருமி இல்லையென்றால்தான் குணம் என்று எழுதுவார்கள். செப்டம்பரில் எடுத்தோம். கிருமி இல்லை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தோஷப்படுவதற்குப் பதிலாக டாக்டரிடம் அழுதேன். "அப்ப இந்த அசதி எதுக்கு சார்?"

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அம்மா, 27 வருஷம் அது இருந்த வீடு. காலி பண்ணிட்டுப் போயிருச்சு, இனி வெள்ளையடிச்சு ஓடு மாத்தணும், அதுக்கு நாள் ஆகும். ஆனா எல்லா அசதியையும் அது தலையிலேயே கட்டாதீங்க. வேற என்ன இருக்குன்னு பாத்துருவோம்."

இந்த இரண்டாவது வார்த்தைதான் என்னைக் காப்பாற்றியது. பார்த்தார்கள். எனக்கு ஹீமோகுளோபின் 9.2தான், ரத்தம் குறைவு. கர்ப்பப்பைக் கோளாறில் வருடக்கணக்காக ரத்தம் போனதன் மிச்சம் அது, சி கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேறு சிலருக்கு தைராய்டாக இருக்கும், சர்க்கரையாக இருக்கும், பி12 அல்லது வைட்டமின் டி குறைவாக இருக்கும், தூக்கம் கெட்டிருக்கும், மனம் சோர்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் சோதனை உண்டு, வைத்தியம் உண்டு. மருந்து முடிந்து சில மாதம் ஆகியும் அசதி போகவில்லை என்றால் இவற்றைப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ரத்தம் குறைவு என்று நீங்களாக முடிவு கட்டிக் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். கல்லீரலில் இரும்பு அதிகமாகச் சேர்ந்தால் அதுவும் கெடுதல்தான்.

அப்புறம் சாப்பாடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன், என் வேலையே அதுதான். கல்லீரல் வியாதி என்றதும் வீட்டில் பத்தியம் போட்டுவிட்டார்கள். எண்ணெய் கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாது. மோர்ச்சோறு, கஞ்சி, மறுபடியும் மோர்ச்சோறு. நானும் பக்தியாக இருந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தினமும் முட்டை அவித்து, தோலுரித்து, தட்டில் வைக்கிறவள் நான். எனக்கு ஒரு முட்டை அவித்துக்கொள்ளவில்லை. மாதக்கணக்கில் அப்படி இருந்ததில் தொடையும் கையும் கரைந்துபோய்விட்டன. குடத்தைத் தூக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று டாக்டர் என் புஜத்தைப் பிடித்துக் காட்டித்தான் புரிந்தது. தழும்பேறிய கல்லீரல்காரர்களுக்குச் சாதாரண ஆளைவிடப் புரதம் கூடுதலாகவே வேண்டுமாம்.

நம் கரையில் புரதத்துக்கு என்ன பஞ்சம்? நெத்திலி இருக்கிறது, சூடை இருக்கிறது. வறுக்காமல் குழம்பாகவோ அவியலாகவோ வைத்துச் சாப்பிடலாம். மீன் சாப்பிடாத வீட்டில் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, தயிர். கருவாட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காலில் வீக்கமோ வயிற்றில் நீரோ உள்ளவர்களுக்கு உப்புதான் முதல் எதிரி, கருவாட்டில் உப்பு எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று எனக்குப் புதிதாக இருந்தது. சிரோசிஸ் உள்ளவர்கள் ராத்திரி வெகுநேரம் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. தழும்பேறிய கல்லீரலால் சக்தியைச் சேமித்து வைக்க முடியாது, விடிவதற்குள் உடம்பு தன் தசையையே எடுத்துத் தின்ன ஆரம்பித்துவிடும். அதனால் ஏழு மணிக்கே சாப்பிட்டாலும் படுக்கப் போகும் முன் ஏதாவது சிறிது சாப்பிட வேண்டும். நான் இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழோ எடுத்துக்கொள்கிறேன். நோன்பு வைக்கிற சகோதர சகோதரிகளும், தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கிறவர்களும் சிரோசிஸ் உள்ளவர்கள் என்றால், வைப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பசி திரும்பி வந்ததும் எடை கூடுவதையும் கவனியுங்கள். கிருமி போன கல்லீரலில் கொழுப்பு வந்து உட்கார்ந்தால் பட்ட பாடெல்லாம் வீண். காபி குடிப்பது கல்லீரலுக்கு நல்லது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன, சர்க்கரையைக் குறைத்துக் குடியுங்கள். சாராயம், பிராந்தி, பீர் எதுவும் வேண்டாம். இதைக் கடலுக்குப் போகிற தம்பிமார் காதில் விழும்படி இன்னொரு தடவை சொல்கிறேன்: கொஞ்சமும் வேண்டாம்.

கீழாநெல்லியைப் பற்றி நிச்சயம் கேட்பீர்கள். காமாலை என்றால் நம் ஆத்தாமார் கொல்லையில் இருந்து பறித்து அரைத்துக் கொடுத்தார்கள், அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் சி கிருமியை அது விரட்டும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. "கல்லீரலைச் சுத்தம் பண்ணும்" என்று பெயர் தெரியாத பொடியும் லேகியமும் பஸ் ஸ்டாண்டில் விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் தேறி வருகிற கல்லீரலுக்குள் அனுப்பாதீர்கள். உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் போடுகிற பழக்கம் கடல்காரர்களிடம் நிறைய உண்டு. சிரோசிஸ் உள்ளவர்களுக்கு அது சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். பாரசிட்டமால்கூட ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு. அதையும் டாக்டரைக் கேட்டுத்தான்.

நடக்கச் சொன்னார்கள். முதலில் கடற்கரை மணலில் நடந்து பார்த்தேன், கால் புதைந்து பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கியது. அதனால் தார் ரோட்டுக்கு மாறினேன். வெயில் ஏறும் முன், முதல் வாரம் தெருமுனை வரை, அடுத்த வாரம் கொஞ்சம் கூட. நடுவில் ஒரு நாள் உற்சாகத்தில் அதிகமாக நடந்துவிட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். தெம்பு இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் செலவழிக்கக் கூடாது என்று அப்போது புரிந்தது. நாற்காலியில் கையூன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுவதையும் சேர்த்துக்கொண்டேன், தொடைக்கு அது நல்ல வேலை. மறு ஜூலையில் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு வேர்க்காடு கோவிலுக்கு வீட்டில் இருந்து நடந்தே போனேன். குடமும் அந்தச் சமயத்தில் வாசல் வரை இறங்காமல் வந்தது. ஃபைப்ரோஸ்கேனும் 10க்குக் கீழே வந்திருந்தது.

கடலில் இறங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று ஒரு பாக்டீரியா வெதுவெதுப்பான கடல்நீரில் இருக்கிறது. நல்ல கல்லீரல் உள்ள ஆளை அது அவ்வளவாக ஒன்றும் செய்யாது. சிரோசிஸ் உள்ளவருக்குக் காயத்தின் வழியாகவோ வேகாத சிப்பி வழியாகவோ உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. பாசி எடுக்கப் போகிற அக்கா தங்கைகள் விரலில் துணி சுற்றிக்கொண்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். பாறையில் கை கிழிந்திருந்தால், ஆறுகிற வரை இறங்காதீர்கள். கடலில் பட்ட காயம் சிவந்து வீங்கி, கொப்புளம் வந்து, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கல்லீரல் விஷயத்தையும் சொல்லுங்கள்.

இனி என் மனதை நோகடித்த ஒரு விஷயம். குணமாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு கண்ணில் புரை எடுக்கப் போயிருந்தேன். எந்த இடம் என்று சொல்ல வேண்டாம். ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் சீட்டோடு வந்து, எல்லாரும் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு முன்னால் நின்று, "உங்களுக்கு சி பாசிட்டிவ், இன்னைக்குப் பண்ண முடியாது" என்றாள். பக்கத்தில் இருந்தவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். என் மகள், "அம்மா, வாங்க போவோம்" என்று கையைப் பிடித்தாள்.

நடந்தது இதுதான். அவர்கள் பார்த்தது ஆன்டிபாடி. கிருமியோடு சண்டை போட உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள் அது. கிருமி போன பிறகும் அநேகமாக ஆயுசுக்கும் ரத்தத்தில் இருக்கும். கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது வேறு சோதனை, வைரல் லோடு என்பார்கள். அதில் இல்லை என்று வந்திருந்தால் இல்லைதான். அதனால் 12 வாரம் கழித்து எடுத்த அந்தச் சீட்டை ஆதார் கார்டு மாதிரிப் பத்திரமாக வையுங்கள், நகல் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அன்று கையில் இல்லை. இரண்டு வாரம் கழித்துச் சீட்டோடு போய்த்தான் ஆபரேஷன் நடந்தது.

அந்த எதிர்ப்புப் பொருள் இருப்பதால் மறுபடியும் வராது என்று மட்டும் நினைக்காதீர்கள். திரும்ப ஒட்டினால் திரும்ப வரும், இதற்குத் தடுப்பூசி இல்லை. ஹெபடைட்டிஸ் பி என்று கல்லீரலைத் தாக்கும் இன்னொரு கிருமி இருக்கிறது, அதற்குத் தடுப்பூசி உண்டு, அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஷேவிங் பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் இவற்றைப் பங்கு போடாதீர்கள். திருவிழாக் கடையில் ஒரே ஊசியால் பத்துப் பேருக்குப் பச்சை குத்துவார்கள், அங்கே பிள்ளைகளை விடாதீர்கள். ஆனால் சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. தட்டில், டம்ளரில், முத்தத்தில், தும்மலில் ஒட்டாது. இதைத் தெரிந்துகொள்வதற்கு முன் நானே எனக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தனியாக ஒதுக்கி, அடியில் நூல் கட்டி வைத்திருந்தேன். பேரன் தண்ணீர் கேட்டு அதைத் தொட்டால் பிடுங்குவேன். அந்தப் பிள்ளை முகம் வாடிப்போகும். அந்த நூலை அறுத்த அன்று அவனுக்கு அதிலேயே பால் ஆற்றிக் கொடுத்தேன்.

சிரோசிஸ் வரை போனவர்கள், கிருமி போனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும், புற்றுநோய் தலைகாட்டினால் ஆரம்பத்திலேயே பிடிப்பதற்காக. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று பலர் இரண்டாவது தடவையோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். எனக்கு வருகிற வியாழக்கிழமை ராமநாதபுரத்தில் ஸ்கேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் புதன் ராத்திரி படுக்கும் முன் மறக்காமல் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, காலையில் முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். வணக்கம்.