மாட்டிப் பார்க்காமல் வாங்கியவை

நேயர்களுக்கு வணக்கம். எந்த டிராக்டர் வாங்கலாம் என்று கேட்டால் யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள். அதன் பின்னால் மாட்டுகிற கலப்பையையும், பிளேடு சுழன்று மண்ணைப் பொடியாக்குகிற ரோட்டவேட்டரையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. எனக்கும் கிடைக்கவில்லை. 20 வருடத்துக்கு மேல் டிராக்டர் ஓட்டுகிறேன். நான் வாங்கிய கருவிகளில் பாதியை அவசரப்பட்டு வாங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதைத்தான் இன்று உங்களிடம் மனம்விட்டுப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ரோட்டவேட்டர். என் வண்டி 40 எச்.பி. நான் வாங்கியது 7 அடி. அகலமாக இருந்தால் நடை குறையும், டீசல் மிச்சமாகும், அரை நாள் வேலை சீக்கிரம் முடியும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது. வயலில் இறக்கியதும் பத்தடி போவதற்குள் எஞ்சின் திணறியது. கியரைக் குறைத்தேன். மறுபடியும் திணறல். கடைசியில் இருப்பதிலேயே சின்ன கியரில் ஊர்ந்து போனேன். 5 அடி ரோட்டவேட்டரைச் சரியான வேகத்தில் ஓட்டியிருந்தால் அந்த வயல் அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

வண்டியின் முகப்பில் எழுதியிருக்கும் எச்.பி. எஞ்சினுடையது. ரோட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ. ஷாப்ட், அதாவது எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகிற சுழல் தண்டு. அங்கே வந்து சேர்வதற்குள் கொஞ்சம் சக்தி குறைந்துவிடும். 40 எச்.பி. வண்டியில் பி.டி.ஓ.வில் கிடைப்பது ஏறக்குறைய 34. ரோட்டவேட்டருக்கு ஒரு அடி அகலத்துக்கு 7, 8 எச்.பி. எஞ்சின் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இறுகிய களிமண்ணாக இருந்தால் அதற்கும் மேலே. இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால் அந்த 7 அடி பக்கமே போயிருக்க மாட்டேன்.

எடை விஷயத்தில் இன்னும் பயந்தேன். வரப்பு ஏறும்போது ரோட்டவேட்டரைத் தூக்கினேன், முன் சக்கரம் தரையை விட்டு எழுந்துவிட்டது. ஸ்டியரிங் கையில் இருக்கிறது, வண்டி திரும்பவில்லை. அந்தக் கணம் இன்னும் நினைவில் இருக்கிறது. இத்தனை கிலோ தூக்கும் என்று விற்பவர் சொல்லும் எண், கருவியை மாட்டித் தூக்குகிற கீழ்க் கையான கீழ் லிங்கின் முனையில் அளந்ததா, அதற்கு 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்ததா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. கருவியின் பாரம் அந்த முனையில் நிற்காது, அதற்கும் பின்னால் தொங்கும். லிப்ட் தூக்கிவிட்டதால் மட்டும் வண்டி தாங்கும் என்று ஆகிவிடாது. பின்னால் தூக்கிய நிலையிலும் வெறும் வண்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்னச்சில் இருந்தால்தான் ஸ்டியரிங் பிடிக்கும். முன்னால் வெயிட் மாட்டி அந்த வருடத்தை ஓட்டினேன். தூக்குவதற்கு அது உதவியது, எஞ்சின் திணறலுக்கு உதவவில்லை.

அதற்காக ரொம்பச் சின்னதாகவும் வாங்கிவிடாதீர்கள். பின் டயர் இரண்டின் வெளி விளிம்புக்கு விளிம்பு டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். ரோட்டவேட்டர் அதைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தால் சக்கரம் மிதித்த தடம் முழுக்க உழுபட்டுவிடும். அகலம் குறைந்தால் தடம் அப்படியே இறுகிக் கிடக்கும், அல்லது கருவியை ஒரு பக்கமாக நகர்த்தி மாட்டி ஓட்ட வேண்டி வரும்.

அடுத்த வருத்தம் மெதுவாகத் தெரிய வந்தது. விலையோடு அதற்குத் தொடர்பில்லை. சரியான அளவில் வேறு ரோட்டவேட்டர் வந்த பிறகு அதன் வேலை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. மண் மாவு மாதிரி ஆகிவிடும், பார்க்கவே அழகு. மண்ணைக் கீறுகிற ஒன்பது கொத்துக் கலப்பையை ஓரங்கட்டினேன். வட்டத் தட்டுகளால் மண்ணைப் புரட்டுகிற சட்டிக் கலப்பையைத் தொடவே இல்லை. எல்லாப் போகத்துக்கும் ரோட்டவேட்டர்தான். மூன்றாவது வருடம் மழை பெய்து ஓய்ந்த பிறகும் தண்ணீர் இறங்காமல் நின்றது. செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் ஒரு சாண் கூட இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி ஓடியிருந்தது. கடப்பாரையால் குத்தினேன். மேலே பொதுபொது, அதற்குக் கீழே தகடு.

பிளேடு ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்ப ஓடும்போது அதன் அடியில் இருக்கும் மண்ணைத் தேய்த்து இறுக்குகிறது. ஈரம் அதிகமாக இருக்கையில் ஓட்டினால் இன்னும் மோசம். நான் செய்தது அதுதான். அதை உடைக்க உளிக் கலப்பை வேண்டும். அது 40, 45 சென்டிமீட்டர் ஆழம் வரை இறங்கும். மண் காய்ந்திருக்கும்போது ஓட்டினால் தகடு பாளம் பாளமாக வெடிக்கும். ஈரத்தில் ஓட்டினால் கத்தி கீறின மாதிரி ஒரு கோடு விழும், அவ்வளவுதான். உளிக் கலப்பையை நான் வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தேன். சில வருடத்துக்கு ஒரு முறை ஒரு நாள் வேலைக்கு வருவதைச் சொந்தமாக வாங்கிக் கொட்டகையில் துருப்பிடிக்க விடுவதில் எனக்கு இப்போது உடன்பாடு இல்லை. அந்தப் பாடத்தைச் சட்டிக் கலப்பை கற்றுக்கொடுத்தது.

அது பழைய கலப்பை, புது பெயின்ட். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து சுரண்டினால் சட்டத்தில் மூன்று இடத்தில் வெல்டிங். கீழ் லிங்கில் மாட்டும் இரும்புப் பின்னின் தடிமன் 28 மில்லிமீட்டர், என் வண்டியின் ஓட்டை 22. பின்னை மாற்றித்தான் மாட்டினேன். பழசு வாங்கினால் ஒரு முனையில் நின்று சட்டம் நேராக இருக்கிறதா பாருங்கள். சட்டியைப் பிடித்து ஆட்டுங்கள், ஆடினால் பேரிங் போய்விட்டது. கியர் பாக்ஸ் இருக்கிற கருவி என்றால் எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

ஷாப்டைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். கருவியோடு வருகிற பி.டி.ஓ. ஷாப்ட் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய், உங்கள் வண்டிக்கு அளந்து செய்ததல்ல. நீளம் கூடினால் கருவியைத் தூக்கி இறக்கும்போது குழாய் ஒன்றோடொன்று முட்டி, வண்டியின் பேரிங்கையும் கருவியின் கியர் பாக்ஸையும் இடிக்கும். குறைந்தால் கழன்று வரும். வேலை செய்யும் நிலையில் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். கூடுதலை இரண்டு குழாயிலும் சமமாக அறுத்து, பிசிறு தேய்த்து, கிரீஸ் போட வேண்டும். ஒரு மணி நேர வேலை. நான் செய்யாமல் ஒரு பேரிங்கை இழந்தேன்.

இன்னொன்று, ஷியர் போல்ட். கல்லில் பிளேடு மாட்டினால் அந்த போல்ட் முதலில் உடைந்து மற்றதைக் காப்பாற்றும். உடைவதற்கென்றே வைத்தது. எனக்கு ஒரே நாளில் இரண்டு உடைந்தது. எரிச்சலில் கையில் கிடைத்த கெட்டியான போல்ட்டைப் போட்டேன். தலையில் பலத்தைக் குறிக்கும் எண் 10.9 என்று இருந்தது, பழையதில் 8.8. அடுத்த கல்லில் போல்ட் உடையவில்லை. கியர் பல் உடைந்தது. விதைப்புப் பருவத்தில் நாலு நாள் வயல் சும்மா கிடந்தது.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது ஷாப்டின் மேல் மூடி. பிளாஸ்டிக் மூடி ஓரத்தில் வெடித்திருந்தது. கிரீஸ் அடிக்கவும் இடைஞ்சலாக இருந்தது. கழற்றி எறிந்துவிட்டேன். ஒரு சாயங்காலம் பி.டி.ஓ.வை நிறுத்தாமல் இறங்கி, ஏதோ சிக்கியிருக்கிறதா என்று குனிந்தேன். சட்டைக் கையின் நுனி ஷாப்டில் பட்டது. பி.டி.ஓ. வேகம் 540 சுற்று என்றால் நிமிடத்துக்கு 540, நொடிக்கு 9. கையை இழுக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் சட்டை தோள் வரை கிழிந்து போயிருந்தது. பழைய நைந்த துணி, அதனால் கிழிந்தது. புதுச் சட்டையாக இருந்திருந்தால் கை போயிருக்கும். அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோதும் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. மறுநாள் முதல் வேலையாகப் புது மூடி வாங்கி மாட்டினேன். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது மூடியைக் கழற்றி வைத்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே மாட்டுங்கள். பி.டி.ஓ.வை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டு இறங்குங்கள்.

அந்த 7 அடி ரோட்டவேட்டர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டாம் வருடம் விற்றேன். பார்க்க வந்தவரிடம் விலை பேசும் முன்னால் வண்டி என்ன எச்.பி. என்று கேட்டேன். 55 என்றார். வண்டியைக் கொண்டு வரச் சொல்லி டயர் அகலத்தை இரண்டு பேருமாக அளந்தோம். மாட்டி, அரை மணி நேரம் என் வயலிலேயே ஓட்டினார். திணறாமல் போனது. வரப்பில் தூக்கியபோது முன் சக்கரம் தரையிலேயே இருந்ததை அவர் இறங்கி வந்து என்னிடம் சொன்னார். ஷாப்டை அவர் வண்டிக்கு அளந்து நானே அறுத்துக் கொடுத்தேன். அதன் மேல் ஒரு புது மூடியும் மாட்டித்தான் அனுப்பினேன்.