போர்ச்சில் ஒரு படகு: அம்மா கண்டுபிடித்த ஒரு அங்குலம்

கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். தரையில் வெள்ளைப் பெயிண்ட் அடித்த பிளைவுட் தெரிகிறதா? அதில் ஒரு பென்சில் கோடு, பக்கத்திலேயே அழித்த இன்னொரு கோடு. இரண்டுக்கும் அதிகபட்சம் ஒரு அங்குல இடைவெளி. இந்த ஒரு அங்குலத்துக்காக ஒரு சனிக்கிழமை முழுசாகப் போனது. கண்டுபிடித்தது நானும் இல்லை, எங்கம்மா.

வணக்கம். புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக ஒரு வரி. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி, வரிசை வீடு, முன்னால் கார் நிறுத்துகிற போர்ச். அந்த போர்ச்சில் மரப் படகு கட்டிக்கொண்டிருக்கிறேன். கார் ஐந்து மாதமாக வெயிலில் நிற்கிறது.

நான் எடுத்திருப்பது டோரி என்கிற பழைய மாதிரி. அமெரிக்காவின் வடகிழக்குக் கரை மீனவர்கள் காட் மீன் பிடிக்கக் கொண்டுபோன படகு. அடி தட்டை, பக்கங்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும், பின்பக்கம் கல்லறைக் கல் மாதிரி ஒடுங்கி இருக்கும். உட்காரும் பலகைகளைக் கழற்றிவிட்டால் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவிடலாம், நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் மாதிரி. பெரிய பாய்க்கப்பலின் தளத்தில் அப்படித்தான் அடுக்கிக்கொண்டு போனார்கள். வெறும் படகில் ஏறி நின்றால் ஆட்டம் காட்டும். மீன் நிரம்ப நிரம்ப அடங்கி உட்காரும்.

இதில்தான் முதல் அடி வாங்கினேன். வரைபடத்தில் 12 அடி டோரி என்று போட்டிருந்தது. போர்ச்சை அளந்தேன், தாராளமாக இடம் இருந்தது, வேலையை ஆரம்பித்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, டோரியின் நீளத்தை அதன் அடிப்பலகையில் அளந்து சொல்வதுதான் அந்தக் காலத்து வழக்கம். முன்னும் பின்னும் சாய்ந்து போவதால் மேல் விளிம்பில் அளந்தால் என் 12 அடி படகு 15 அடியைத் தாண்டுகிறது. அதனால்தான் இப்போது போர்ச்சில் மூலைக்கு மூலை குறுக்கே கிடக்கிறது. வாசலுக்குப் போக வேண்டும் என்றால் குனிந்து, பக்கவாட்டில் நகர்ந்து போகவேண்டும். தபால்காரர் கூடப் பழகிவிட்டார்.

சரி, அந்த ஒரு அங்குலத்துக்கு வருவோம்.

பழைய வரைபடத்தில் வெட்டுகிற மாதிரி எந்த வடிவமும் இருக்காது. ஒரு அட்டவணை இருக்கும், அவ்வளவுதான். படகைக் குறுக்கே பல இடங்களில் அறுத்ததாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு அகலம், அடியிலிருந்து எவ்வளவு உயரம் என்று எண்ணாகக் கொடுத்திருப்பார்கள். 1-5-3 என்றால் ஒரு அடி, ஐந்து அங்குலம், ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்ததில் மூன்று. பார்த்தால் லாட்டரி எண் மாதிரி இருக்கும்.

இந்த எண்களை வைத்து முழுப் படகையும் நிஜ அளவில் தரையில் வரையவேண்டும். ஏன் இவ்வளவு சிரமம் என்றால், வரைந்தவர் ஒரு அடியை ஒரு அங்குலமாகச் சுருக்கித் தாளில் வரைந்து, அதிலிருந்து அளந்து எழுதிய எண்கள் இவை. தாளில் அங்குலத்தில் 32-ல் ஒரு பங்கு தவறினால், அதாவது ஒரு பென்சில் கோட்டின் கனம், நிஜப் படகில் அது பன்னிரண்டு மடங்காகி எட்டில் மூன்று அங்குலமாக நிற்கும். அந்தத் தப்பைத் தரையிலேயே பிடிக்காவிட்டால் மரத்தில்தான் பிடிக்கவேண்டும். மரத்துக்குக் காசு கொடுத்திருக்கிறோம்.

ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டு எட்டடி பிளைவுட் இரண்டை நீளவாக்கில் சேர்த்துப் போட்டேன். அட்டவணைப்படி புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி சின்ன ஆணி அடித்து, மெல்லிய நீளச் சட்டம் ஒன்றை வளைத்து ஆணிகளோடு சேர்த்து நிறுத்தினேன். அந்தச் சட்டத்தை ஒட்டிக் கோடு இழுத்தால் படகின் விளிம்பு வந்துவிடும். வந்தது. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

அம்மா அப்போதுதான் கடைக்குப் போய்விட்டு வந்தார். முப்பது வருசமாக வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவர். பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. கோட்டின் ஒரு முனையில் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளத்துக்குப் பார்த்தார்.

“என்னடா, இந்த இடத்துல தூக்குது?”

எங்கே என்றேன். இரண்டாவது ஆணியைக் காட்டினார். கை வெட்டு இப்படி இருந்தால் தோளில் ரவிக்கை நிற்காதாம். நான் அட்டவணையைக் காட்டி, 1-6-3, சரியாகத்தான் வைத்திருக்கிறேன் என்று வாதம் பண்ணினேன். “அப்ப எழுதுனவன் தப்பா எழுதிட்டான்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மாலை வரைக்கும் வீம்பு பிடித்தேன். மற்ற எண்களை எல்லாம் திரும்ப அளந்தேன். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்த ஒரே ஆணியைப் பிடுங்கினேன். டக்கென்று ஒரு சத்தம், சட்டம் தானாக உள்ளே துள்ளிப் போய் நின்றது. போய் நின்ற இடத்தை அளந்தேன்: 1-5-3. வரைபடத்தைப் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், அது ஐந்து. நகல் எடுத்ததில் மை பரவி வயிறு மூடி ஆறு மாதிரி ஆகியிருக்கிறது. எழுதியவன் மேல் தப்பில்லை, படித்தவன் மேல்தான்.

மேலே நின்று பார்த்தால் இது தெரியாது. எனக்கு அதுதான் தெரியாமல் போனது. தரையோடு கண்ணை வைத்து, கோட்டின் நீளத்துக்குப் பார்க்கவேண்டும். 15 அடி நீளம் கண்ணுக்குள் சுருங்கி வரும்போது ஒரு சின்ன மேடும் கூனல் மாதிரித் தெரியும். நீங்களும் செய்து பாருங்கள்.

மலேசியாவின் கிழக்குக் கரையில், திரங்கானு மாநிலத்தில் பூலாவ் டுயோங் என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே பரம்பரைப் படகுக் கைவினைஞர்கள் வரைபடமே இல்லாமல் கட்டுவார்கள். முதலில் பலகைகளைத்தான் சேர்ப்பார்கள், விளிம்போடு விளிம்பாக மர முளை அடித்து, நடுவில் கெலாம் மரப்பட்டையை வைத்து. படகின் வெளி ஓடு முழுசாக நின்ற பிறகுதான் உள்ளே வங்குகளைப் பொருத்துவார்கள். வங்கு என்றால் விலா எலும்பு மாதிரியான சட்டம், நம் கடலோரத்துச் சொல். அவர்களிடம் போய் 1-5-3 என்று சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு அந்தக் கண் இல்லை, அதனால் எண் வேண்டியிருக்கிறது.

அவர்கள் எடுப்பது செங்கால் மரம். நாரையை நினைக்காதீர்கள், மலாய்ப் பெயர். உழைப்பில் அதற்கு ஈடு இல்லை, ஆனால் கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் போகும். டோரிக்கு அமெரிக்காக்காரர்கள் போட்டது வெண் பைன், ஏறத்தாழ 400 கிலோ. செங்காலில் கட்டினால் இதைக் கரையிலிருந்து இழுப்பதே பெரும்பாடு. அதனால் மெராந்தி என்கிற இலேசான மரத்தை வாங்கினேன்.

மரக்கடை தவுக்கே, அதாவது முதலாளி, நன்றாகக் காய்ந்தது என்றார். நான் ஒரு துண்டை வெட்டி, இரண்டு முனையிலும் பெயிண்ட் அடித்து (முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும்), அம்மாவின் அடுக்களைத் தராசில் வைத்தேன். 358 கிராம். ஒவ்வொரு ஞாயிறும் நிறுத்தேன். ஏழாவது வாரம் 304-ல் நின்றது, அதற்குக் கீழே இறங்கவில்லை. அந்த 54 கிராமும் தண்ணீர். பச்சையாகவே பலகை அடித்திருந்தால், சுருங்கும்போது ஆணி இருக்கிற இடமெல்லாம் வெடித்திருக்கும். தவுக்கேயிடம் போய்ச் சண்டை போடவில்லை. அடுத்த முறை வாங்கும்போது தராசையும் கையோடு கொண்டுபோவேன்.

பலகை வெட்டும்போது மறுபடி அம்மா. படகின் பக்கத்தைப் பார்த்தால் பலகைகள் நேராக ஓடுகிற மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பலகையைக் கழற்றித் தரையில் போட்டால் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும். எனக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. நேர் பலகையை வைத்து அழுத்திப் பார்த்தேன், நடுவில் உப்பிக்கொண்டு வந்தது. அம்மா ஒரு ரவிக்கையின் முன்பக்கத் துண்டை எடுத்து மேசையில் விரித்தார். விரித்தால் கோணல்மாணல். உடம்பில் ஏறினால் நேராக நிற்கும். “துணி தட்டை, ஆளு தட்டையா?” என்றார். அவ்வளவுதான் விளக்கம். மெல்லிய பிளைவுட் துண்டை வங்குகள் மேல் வைத்து, காம்பஸால் விளிம்பை அதில் ஏற்றி, அதைத் தரையில் விரித்து வெட்டினேன். முதல் பலகை அப்படியே போய் உட்கார்ந்தது.

பலகை ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் செம்பு ஆணி. வெளியிலிருந்து அடித்து, உள்ளே குழிவான சின்ன வளையம் மாட்டி, மிச்சத்தை வெட்டிவிட்டு நுனியைத் தட்டி மழுக்கவேண்டும். தட்டும்போது வெளியே ஒருவர் கனமான இரும்பை ஆணித்தலையில் அழுத்திப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆணி பின்னால் போய்விடும். யார் பிடித்தார் என்று சொல்லவேண்டியதில்லை. நாலு பலகைக்கு நாலு சம்பளம் கேட்டிருக்கிறார்.

இடுக்குகளுக்குக் குங்கிலியம் தேடினேன். தமிழ்நாட்டில் எண்ணெயோடு காய்ச்சிக் கலப்பத்து வேலைக்கு, அதாவது படகின் இடுக்குகளை அடைக்க, போடுவார்கள். மலாயில் டாமார், இங்கே காட்டு மரத்திலேயே வருகிறது. ஆனால் கடையில் சாம்பிராணி டப்பாவுக்குப் பக்கத்தில் சின்னப் பொட்டலமாகத்தான் கிடைத்தது. காய்ச்சுவதை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். அம்மா வீட்டு அடுப்பைத் தரமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

இப்போது படகு கவிழ்ந்து கிடக்கிறது. ஞாயிறு காலை எட்டு மணிக்குப் புரட்டிப் போடுகிறோம். பக்கத்து வீட்டுப் பாக்சிக் (மலாய்க்காரப் பெரியவர்) இரண்டு பையன்களோடு வருகிறார், என் மச்சான் வருகிறான், எதிர்வீட்டுக்காரரையும் கேட்டிருக்கிறேன். போர்ச்சுக்குள் புரட்ட இடமில்லை. தெருவுக்குத் தூக்கிப் போய், அங்கே திருப்பி, மறுபடி உள்ளே கொண்டுவரவேண்டும். கேட் ஒரு பக்கம் கழற்றியாகிவிட்டது.

மழை பிடிக்கிற மாதிரி இருக்கிறது. கேமராவை இங்கேயே வைத்துவிட்டுத் தார்ப்பாயை இழுத்துவிட்டு வருகிறேன். அம்மா, அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க.