பத்தலீங்க

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், கோபிசெட்டிபாளையத்தின் இந்த மார்கழிக் குளிரில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

தாயோ தந்தையோ, மற்றவர் சம்மதமில்லாமல் வெளிநாட்டிலிருந்து தூக்கிவந்த குழந்தையை உடனே திருப்பி அனுப்புவதா, இங்கேயே வைத்து விசாரிப்பதா? இதுதான் தலைப்பு. உடனே அனுப்ப வேண்டும் என்பது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய அம்மா கேட்டார்: "நம்ம பிள்ளைக்கு எது நல்லதுன்னு லண்டன் ஜட்ஜுக்குத் தெரியுமா, நம்ம ஜட்ஜுக்குத் தெரியுமா?" கைதட்டல் பலமாக விழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் நம்ம ஜட்ஜ் அதைச் சொல்லி முடிக்க எத்தனை வாய்தா ஆகும் என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

பெருந்துறைப் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு பெண். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் இங்கிலாந்தில் வேலை. பொங்கலுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு புருஷன் மட்டும் ஊருக்கு வந்தான். பத்து நாள் லீவு. பதினொன்றாம் நாள் போன்: "பையன் இனிமேல் இங்கேதான்." அவள் அங்கே கோர்ட்டில் உத்தரவு வாங்கிக்கொண்டு பறந்து வந்தாள். காவல் நிலையத்தில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "குடும்ப விஷயமுங்க அம்மணி, கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். சென்னையில் ஆட்கொணர்வு மனு போட்டாள். வாய்தா, வாய்தா, வாய்தா.

பதினான்கு மாதம் கழித்து, கோர்ட்டு வராந்தாவில் மகனைப் பார்க்க விட்டார்கள். நான் கூடப் போயிருந்தேன். அவன் விட்டுவிட்டு வந்த நீல நிற ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்து, கீழே உட்கார்ந்து அவன் காலில் மாட்டப் பார்த்தாள். குதிகால் உள்ளே இறங்கவில்லை. அவன் குனிந்து பார்த்துச் சொன்னான்: "பத்தலீங்க."

'பத்தலம்மா' இல்லை. பத்தலீங்க. வழி கேட்க வந்த ஆளிடம் பேசுவதுபோல, பெற்றவளிடம் 'ங்க' போட்டுப் பேசினான். நம் ஊர் மரியாதை எனக்குக் கசந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1980-ல் ஹேக் நகரில் இதற்கென்றே ஒரு உடன்படிக்கை எழுதினார்கள். நூறு நாடுகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. இந்தியா சேரவில்லை. குழந்தை யாருக்கு என்று அந்த உடன்படிக்கை முடிவு செய்வதே இல்லை. நம் பக்கம் ஒருவர் கன்றை இன்னொருவர் ஓட்டிப் போய்விட்டால், 'முதலில் பழைய கட்டுத்தறியில் கொண்டுவந்து கட்டு, அப்புறம் பேசலாம்' என்பார்கள் பெரியவர்கள். குழந்தை கன்றல்ல, தெரியும். ஆனால் முறை அதே முறைதான். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை எந்த ஊரில் வாழ்ந்ததோ அங்கே திருப்பி அனுப்பு, வழக்கை அந்த ஊர் கோர்ட்டு பார்க்கட்டும். ஆறு வாரத்தில் முடிவு வரவில்லையென்றால் தாமதத்துக்குக் காரணம் கேட்கலாம்.

ஆறு வாரம். அவளுக்கு ஆனது பதினான்கு மாதம், அதுவும் ஒருமுறை முகம் பார்ப்பதற்கே.

வெளிநாட்டுத் தீர்ப்பை நேரே நிறைவேற்றிக்கொள்ள நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 44ஏ பிரிவு இருக்கிறது. அது பணம் வசூலிக்கிற தீர்ப்புக்கு மட்டும்தான். கடன் பாக்கிக்கு வழி இருக்கிறது, பிள்ளைக்கு இல்லை.

கோயம்புத்தூர் வழக்கு ஒன்றையும் எதிரணி மறந்துவிட்டது. 2012-ல் ஒரு தாய் இரண்டு பெண் பிள்ளைகளோடு இங்கிலாந்திலிருந்து அங்கே வந்துவிட்டார். இங்கிலாந்து கோர்ட்டு உத்தரவு போட்டது, சென்னை உயர் நீதிமன்றம் தகப்பனின் மனுவைத் தள்ளியது. 2015-ல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துப் போகச் சொன்னது. தாய்க்கான விமானச் செலவு, தங்கும் செலவு, வழக்குச் செலவு எல்லாம் தகப்பன் தலையில். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு அது. ஆனால் 2017-ல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, வெளிநாட்டு உத்தரவு கணக்கில் கொள்ள வேண்டிய பல விஷயங்களில் ஒன்று மட்டுமே, குழந்தையின் நலனே முதன்மை என்று மாற்றிச் சொன்னது. நலன் முதன்மை என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த நலனை விசாரிக்கக் கெடு எங்கே? விசாரித்து முடிப்பதற்குள் பிள்ளை இங்கே வேர் பிடித்துவிடும். வேர் பிடித்ததை எதற்குப் பிடுங்க வேண்டும் என்று அப்புறம் கேட்பீர்கள். தூக்கி வந்தவர் காத்திருந்தாலே போதும், ஜெயித்துவிடுவார்.

எதிரணியின் வலுவான வாதத்தை ஒளிக்க மாட்டேன். இப்படிப் பிள்ளையோடு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தாய்மார்கள் என்று ஹேக் வழக்குகளின் கணக்கே சொல்கிறது. அடி தாங்காமல் ஓடி வந்தவர்களும் அதில் உண்டு. அவளை அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பச் சொன்னால் நானே எதிர்த்து நிற்பேன். பிள்ளைக்குப் பெரிய ஆபத்து இருந்தால் அனுப்ப மறுக்கலாம் என்று உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவே சொல்கிறது. அனுப்பும்போதும் நிபந்தனை போடலாம்: அவளுக்குத் தனி வீடு, வக்கீல் செலவு, கைது வாரண்ட் இருந்தால் அதை முதலில் ரத்து செய்தல். கோயம்புத்தூர் தாய்க்குச் செலவுக்கு வழி செய்ததுபோல.

கையெழுத்துப் போட்டால் மட்டும் போதும் என்றும் சொல்லவில்லை. ஜப்பான் 2014-ல் சேர்ந்தது. ஆனால் குழந்தையை ஒப்படைக்கப் போகும்போது தூக்கி வந்தவர் கூடவே இருக்க வேண்டும் என்று அந்த நாட்டு விதி சொன்னது. அவர் இல்லையென்றால் அதிகாரிகள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். 2019-ல்தான் அந்த விதியை மாற்றினார்கள்.

நம் சட்ட ஆணையம் 2009-லேயே உடன்படிக்கையில் சேரச் சொன்னது. 2016-ல் ஒரு மசோதாவையே எழுதிக் கொடுத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை.

ஆகவே நடுவர் அவர்களே, எங்கள் அணி கேட்பது இவ்வளவுதான். மனு வந்த நாளிலிருந்து ஆறு வாரக் கெடு. அந்த ஆறு வாரமும் தினம் ஒருமுறை வீடியோ காலில் பிரிந்திருக்கும் தாய் அல்லது தகப்பனின் முகத்தைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும், அதை முதல் வாய்தாவிலேயே உத்தரவாகப் போட வேண்டும். காவல் நிலையத்தில் கொண்டுபோய் நீட்டினால் எந்தக் காவலரும் 'குடும்ப விஷயமுங்க' என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாதபடி அந்தக் காகிதம் இருக்க வேண்டும்.

வணக்கமுங்க.