பதினாறில் இருக்கும் அந்த 1 எவ்வளவு?

[காட்சி: மேசையில் 16 பொத்தான்கள். அருகில் ஒரு தாள்.]

ஏழு வயதுக் குழந்தை ஒன்று இந்தப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப் பதினாறு என்று சரியாகச் சொல்கிறது; தாளில் 16 என்று பிழையில்லாமல் எழுதியும் விடுகிறது. இப்போது அந்த எண்ணிலுள்ள 6-ஐ மட்டும் வட்டமிட்டு, இது எத்தனை பொத்தான்களைக் குறிக்கிறது என்று கேட்டால், ஆறு பொத்தான்களை நகர்த்தி வைக்கிறது. அடுத்ததாக 1-ஐ வட்டமிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். பல குழந்தைகள் ஒரே ஒரு பொத்தானை எடுத்து வைப்பார்கள். மீதி ஒன்பது பொத்தான்கள் எந்த இலக்கத்துக்கும் சொந்தமில்லாமல் மேசையில் கிடக்கும்.

குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் வழியில் அவர்களின் எண் அறிவை ஆராய்ந்த கான்ஸ்டன்ஸ் காமி, இந்தச் சிறு சோதனையைப் பரவலாக அறியச் செய்தவர்களுள் ஒருவர். எண்களை வரிசையாகச் சொல்லவும் எழுதவும் கற்றுவிட்ட குழந்தைக்கு, பத்து என்பது பத்து ஒன்றுகளால் ஆன ஒரே தொகுதி என்ற எண்ணம் இன்னும் பிறக்காமல் இருக்கலாம் என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. அந்த எண்ணத்தைக் குழந்தையின் கைவழியாக உருவாக்குவது எப்படி என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

கைவழிக் கற்றலின் வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: 1837-இல் ஜெர்மனியில் மழலையர் பள்ளியின் முன்னோடி புரோபெல் மர உருண்டைகளையும் கனசதுரங்களையும் குழந்தைகளின் கையில் கொடுத்தார், 1907-இல் ரோம் நகரில் மரியா மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார், 1960-களில் உளவியலாளர் ஜெரோம் புரூனர் அறிவு செயலாகவும் படமாகவும் குறியீடாகவும் மனத்தில் பதிகிறது என்று விளக்கினார்.

[காட்சி: குச்சிக் குவியல், ரப்பர் வளையங்கள்.]

இரண்டு குழந்தைகளுக்கு ஒரு குவியல் என்ற கணக்கில், ஏறத்தாழ 50 குச்சிகளைக் கொடுங்கள். எண்ணத் தொடங்குவதற்கு முன் எத்தனை இருக்கும் என்று ஊகித்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிறகு எண்ணச் சொன்னால், பாதியில் யாராவது கூப்பிட்டதும் கணக்கு மறந்துபோகும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அந்தச் சலிப்பு வரட்டும், அவசரப்பட்டு உதவாதீர்கள். எண்ணியது வீணாகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கும்போது, சில குச்சிகளைத் தனித்தனியாகச் சேர்த்து வைக்கலாம் என்ற யோசனை பெரும்பாலும் குழந்தைகளிடமிருந்தே வரும். பத்துப் பத்தாகக் கட்டுவோம் என்று நீங்கள் சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

குச்சிக் கட்டைக் குழந்தையே கட்ட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஆசிரியர் முன்கூட்டியே கட்டிக் கொண்டுவந்த கட்டு, குழந்தைக்கு இன்னொரு பொருள், அவ்வளவுதான். பத்துக் குச்சிகளைத் தானே எண்ணி, தானே வளையத்தை மாட்டிய குழந்தைக்குத்தான் உள்ளே பத்து இருப்பது உறுதியாகத் தெரியும். சந்தேகம் வந்தால் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடியும் கட்டிக்கொள்ளவும் முடியும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு வருகிறது. பத்துகளைக் காட்ட வகுப்பறைகளில் மூன்று வகைப் பொருள்கள் புழங்குகின்றன. முதலாவது வண்ண வில்லை: நீல வில்லையின் மதிப்பு ஒன்று, சிவப்பு வில்லையின் மதிப்பு பத்து என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வில்லைகளும் ஒரே அளவுதான், ஒரே எடைதான். சிவப்பு ஏன் பத்தாக வேண்டும் என்பதற்கு அந்த வில்லையில் எந்தச் சான்றும் இல்லை, நாம் சொன்னதைக் குழந்தை நம்ப வேண்டியிருக்கிறது. இரண்டாவது, பத்துக் கனசதுரங்கள் ஒட்டியதுபோல் செய்யப்பட்ட கோல்: இது நீளத்தில் உண்மையைச் சொல்கிறது, ஆனால் இதைப் பிரிக்க முடியாது, பத்துத் தனிக் கனசதுரங்களைக் கொடுத்து மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். மூன்றாவதாகிய குச்சிக் கட்டோ அளவிலும் எடையிலும் பத்தாகவே இருக்கிறது, வளையத்தைக் கழற்றியதும் கண்முன்னே பத்து ஒன்றுகளாகிறது. பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாகக் கட்டச் சொல்லி, ஒரு கையில் ஒற்றைக் குச்சியையும் மறு கையில் அந்த நூறையும் கொடுத்துப் பாருங்கள். சின்னஞ்சிறு உள்ளங்கையால் நூறை வளைத்துப் பிடிக்கவே முடியாது. நூறு எவ்வளவு பெரியது என்று வாயால் விளக்குவதைவிட இது எவ்வளவோ மேல்!

அடுத்து, 34 குச்சிகளை எத்தனை விதமாக வைக்கலாம் என்று கேளுங்கள். மூன்று கட்டுகளும் நான்கு உதிரிகளும், இரண்டு கட்டுகளும் பதினான்கு உதிரிகளும், ஒரு கட்டும் இருபத்து நான்கு உதிரிகளும், கட்டே இல்லாமல் முப்பத்து நான்கு உதிரிகளும் என நான்கு விதங்கள் கிடைக்கும். எந்த விதத்தில் வைத்தாலும் மொத்தம் மாறவில்லை என்பதைக் குழந்தை இங்கே உணர்ந்துவிட்டால், கடன் வாங்கிக் கழித்தல் அதற்கு மந்திரமாகத் தோன்றாது.

[காட்சி: நான்கு கட்டுகள், இரண்டு உதிரிக் குச்சிகள். திரையில் 42 - 17.]

42-இலிருந்து 17-ஐ எடுக்க வேண்டும். உதிரியாக இரண்டு குச்சிகள்தாம் இருக்கின்றன, ஏழு தேவைப்படுகிறது. குழந்தை சிறிது நேரம் திகைத்து நிற்கும். பிறகு தானாகவே ஒரு கட்டைப் பிரிக்கும். இப்போது மூன்று கட்டுகளும் பன்னிரண்டு உதிரிகளும் உள்ளன. ஏழை எடுத்தால் ஐந்து, ஒரு கட்டை எடுத்தால் இரண்டு கட்டுகள், ஆக 25. நான்கை அடித்து மூன்று என்று எழுதும் அந்தச் சின்னக் கோடு, குழந்தை தன் கையால் கழற்றிய ரப்பர் வளையத்தின் பதிவு. கூட்டலில் இதுவே தலைகீழாக நடக்கும்: 28-உடன் 15-ஐச் சேர்க்கும்போது பதின்மூன்று உதிரிகள் சேர்கின்றன, அவற்றில் பத்தைக் கட்டியதும் நான்கு கட்டுகளும் மூன்று உதிரிகளும் ஆகி 43 கிடைக்கிறது.

கண்ணைப் பறிக்கும் பொம்மைகளைக் கணக்குக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆசிரியர்களையும் பெற்றோர்களையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சின்னக் கரடிகளைக் கொடுத்தால் குழந்தை கரடிக் குடும்பத்தைத்தான் உருவாக்கும். கமின்ஸ்கி, ஸ்லூட்ஸ்கி ஆகிய இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டை வரைபடத்தின் பட்டைகளுக்குள் சிறு பொருள்களின் படங்களை வரைந்து கற்பித்தபோது, பல குழந்தைகள் அச்சிலுள்ள அளவைப் படிப்பதற்குப் பதிலாகப் படங்களையே எண்ணினார்கள்; வெற்றுப் பட்டைகளில் கற்ற குழந்தைகள் வரைபடத்தைப் படிப்பதில் தேறினார்கள். கை ஓயாமல் இயங்குகிறது என்பதனாலேயே கற்றல் நடக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கை செய்யும் செயலும் மனம் அறிய வேண்டிய கருத்தும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அறிவியலுக்கும் இதே அளவுகோல்தான். நீரில் கரையாத விளையாட்டுக் களியை உருட்டித் தண்ணீரில் போட்டால் மூழ்கும். அதே களியைக் கிண்ணமாக வனைந்து மெதுவாக வைத்தால் மிதக்கும், ஏனெனில் கிண்ண வடிவம் கூடுதலான நீரை விலக்குகிறது. மிதக்குமா, மூழ்குமா என்று போடுவதற்கு முன்பே ஒவ்வொரு குழந்தையையும் சொல்லவைத்து விடுங்கள். ஊகம் சொல்லாத குழந்தைக்கு விடை வியப்பாக இருக்காது.

மீண்டும் குச்சிகளுக்கு வருவோம், ஏனெனில் அவற்றை எப்போது எடுத்து வைப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. முதலில் குச்சிகளோடு மட்டும், பிறகு செய்ததைக் கோடுகளாகவும் கட்டங்களாகவும் வரைந்து, அதன்பின் வரைந்ததற்குப் பக்கத்திலேயே எண்களை எழுதி என்று சில வாரங்கள் போகட்டும். 53 - 28 என்ற கணக்கைப் பார்த்ததும், குச்சிகளைத் தொடாமலே ஒரு கட்டைப் பிரிக்க வேண்டும் என்று குழந்தை சொல்லத் தொடங்கினால், குச்சிப் பெட்டியை அலமாரிக்கு அனுப்பலாம். ஆனால் எட்டும் உயரத்திலேயே வையுங்கள். 402-இலிருந்து 17-ஐக் கழிக்கும் நாள் வரும்போது, நடுவில் பூச்சியம் நிற்பதைக் கண்டு தடுமாறும் குழந்தை, ஒரு நூறைப் பத்துக் கட்டுகளாகவும் அதில் ஒரு கட்டைப் பத்துக் குச்சிகளாகவும் பிரித்துப் பார்க்க அந்தப் பெட்டியைத் தேடி வரும்.