இடது கை செய்த வேலை

(கோபிசெட்டிபாளையத்தில் நண்பர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. மோட்டார் பட்டறையில் காலம் தள்ளியவனைக் கூப்பிட்டு ‘வீட்டுப் பொருள்களின் வடிவமைப்பு’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டீர்கள். எனக்குத் தெரிந்த வடிவமைப்பெல்லாம் எங்கள் அம்மாயி ஆட்டாங்கல்லின் முன்னால் உட்கார்ந்த விதந்தான்.

ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி உட்காருவார். வலது கை குழவியைச் சுற்றும். இடது கை? விளிம்புக்கு ஏறி வருகிற மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். குழவி அந்தப் பக்கம் போனதும் விரல் உள்ளே போகும். திரும்பி வருவதற்குள் வெளியே வந்துவிடும். பக்கத்து வீட்டு வம்பு காதில் விழுந்துகொண்டே இருக்கும், கை பாட்டுக்கு நடக்கும். நானும் ஆசைப்பட்டு ஒருநாள் கையை விட்டேன். நகம் கறுத்ததுதான் மிச்சம்.

கோயமுத்தூரில் 1955இல் சபாபதி என்பவர் இந்த வேலைக்கு மோட்டாரைப் பூட்டினார், அதுதான் கிரைண்டர். மோட்டார் இந்த ஊருக்குப் புதிதில்லை. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937லேயே இங்கே செய்துவிட்டார்கள். ஆனால் அது கிணற்றுமேட்டிலிருந்து அடுப்படிக்குள் வர இத்தனை வருசம் ஆனது. கல்லுக்கும் அலைய வேண்டியதில்லை. ஊத்துக்குளி என்றால் ஊருக்கெல்லாம் வெண்ணெய், கிரைண்டர்காரர்களுக்குக் கல்.

இப்போது வீட்டுக்குப் போய் உங்கள் கிரைண்டரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆட்டாங்கல்லில் கல் அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரில் எல்லாம் தலைகீழ். அடிக்கல்லும் பாத்திரமும் சேர்ந்து சுற்றும், குழவி நின்ற இடத்திலேயே உருளும். அதனால் என்ன லாபம்? மாவு தள்ளுகிற கை இனி குழவிக்குத் தப்பி ஓட வேண்டாம். பாத்திரத்தின் உள்சுவரை ஒட்டி ஒரு பலகையை நிறுத்தினால் போதும், மாவு தானாக அதனிடம் வரும். அந்தப் பலகைதான் அம்மாயியின் இடது கை. படம் போட்டவர்கள் இப்படி யோசித்துச் செய்தார்களா, தெரியாது. ஆட்டாங்கல்லை ஒருநாளாவது பக்கத்தில் நின்று பார்த்திருப்பார்கள், அது நிச்சயம்.

மிக்ஸி வந்தபோது கிரைண்டர் காணாமல் போய்விடும் என்றார்கள். போகவில்லையே. மிக்ஸியின் வேகத்தில் உளுந்து சூடாகிவிடும், மாவு பொங்காது. கல் அவசரப்படாது. இட்லி சாப்பிடுகிறவருக்கு இது விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் சாய்க்கிற கிரைண்டர் வந்தது. குனிந்து குனிந்து மாவை வழித்து இடுப்பு ஒடிந்த பெண்களுக்குத்தான் அந்தச் சாய்வின் அருமை தெரியும். கோயமுத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இடுப்புவலிக்காரர்கள் பெயர் அதில் எங்கும் இல்லை, சரி, விடுங்கள்.

இது கொங்கு நாட்டுக் கதை மட்டுமில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் நம் அரசாங்கத்துக்கு வடிவமைப்பு பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். நாடு முழுக்கச் சுற்றிவிட்டு அவர்கள் தலையில் தூக்கி வைத்தது எதைத் தெரியுமா? சொம்பை. கழுத்து கைக்குப் பிடி, விளிம்பு தண்ணீருக்கு வழி, வயிறு இடுப்புக்குத் தோது. யாரோ ஒருவர் ஒரே நாளில் செய்ததில்லை. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் மொண்டவர்கள் தேய்த்துக் கொடுத்த வடிவம். அந்த அறிக்கையை ஒட்டித்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது.

என் வீட்டுக் குறையையும் சொல்லிவிடுகிறேன். போன வருசம் மேஜைமேல் வைக்கிற புது கிரைண்டர் ஒன்று வாங்கினோம். பார்க்கப் பளபள. பாத்திரத்தைக் கழற்றிக் கழுவினால் அடியில் ஒரு மடிப்பு. அதற்குள் போன மாவு மறுநாள் புளித்து நாறும். அதை வரைந்தவர் ஒருநாளும் மாவு வழித்திருக்க மாட்டார். என் மனைவி மோட்டாரை நிறுத்திவிட்டு, பலகையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கடைசி வழியலுக்கு இடது கை விரலைத்தான் விடுகிறாள்.