சாய்ஞ்சு விழுந்த பைக்: திரும்ப ஓட முதல் என்ன பாக்கோணும்?

அடுத்த கேள்வி முள்ளியவளையில இருந்து ஒரு தம்பி அனுப்பினது. வாசிக்கிறன். "அண்ணை, மாங்குளம் முல்லைத்தீவு றோட்டில ஓரமா பைக்கை நிப்பாட்டினனான். மழை பெய்ஞ்ச கிரவல். சைட் ஸ்ராண்ட் தாண்டு, கட்டின பெட்டியளோட அப்பிடியே இடப்பக்கம் விழுந்திட்டுது. தூக்கினாப் பிறகு ஸ்ராட் வரக் கன நேரம் எடுத்தது, வந்தோடன வெள்ளைப் புகை. இப்ப நேர ஓடேக்க ஹாண்டில் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி நிக்குது. வாற கிழமை மன்னார் போக இருக்கிறன், அப்பிடியே ஓடலாமோ?"

அப்பிடியே ஓடாதேங்கோ தம்பி. புகை பெரிய விசயமில்லை, கீறலும் பெரிய விசயமில்லை. ஹாண்டில்தான் விசயம். அதை நேராக்காமல் பெட்டியும் கட்டி மன்னார் மட்டும் போறது சரியில்லை.

முதல் புகையை முடிச்சுவிடுறன். பைக் படுத்துக் கிடக்கேக்க எஞ்சின் ஒயில் பிறீதர் குழாயால, அதுதான் எஞ்சின் மூச்சுவிடுற குழாயால, எயார் பில்ரர் பெட்டிக்குள்ள போகும், கொஞ்சம் சிலிண்டருக்குள்ளயும் இறங்கும். அது எரிஞ்சு முடியுமட்டும் புகைக்கும். சில நிமிசத்தில நிண்டிட்டுதெண்டால் யோசிக்க வேண்டாம். நிக்காட்டி பில்ரரைக் கழட்டிப் பாருங்கோ, ஒயில்ல ஊறியிருந்தால் மாத்தோணும். ஒயில் மட்டத்தையும் பாருங்கோ. சைட் ஸ்ராண்டில சரிச்சு வச்சுப் பாத்தால் பிழையாத்தான் காட்டும். சமதரையில, பைக்கை நிமித்திப் பிடிச்சுப் பாக்கோணும்.

ஸ்ராட் வராததுக்குக் காரணம் உங்கட பைக் எந்த மாதிரி எண்டதைப் பொறுத்தது. காபரேட்டர் எண்டால் பெற்றோல் நிரம்பியிருக்கும். சோக்கை ஓவ் பண்ணிப்போட்டு, அக்சிலேற்றரை முழுசாத் திறந்துகொண்டு ஸ்ராட்டரை அடியுங்கோ. இஞ்செக்சன் பைக்குகள் கனக்கில, சாய்ஞ்சால் எஞ்சினை நிப்பாட்டுற சென்சர் ஒண்டு இருக்கும், திறப்பை ஒருக்கா மூடித் திறந்தாத்தான் திரும்ப வேலை செய்யும். விழேக்க ஹாண்டில்ல இருக்கிற, எஞ்சினை நிப்பாட்டுற சிவப்புச் சுவிச் தட்டுப்பட்டுக் கிடக்கிறதும் உண்டு. ஆனா ஒரு இடத்தில கவனம். ஸ்ராட்டரை அமத்தேக்க "டக்" எண்டு இறுகி நிண்டுதெண்டால் திரும்பத் திரும்ப அமத்தாதேங்கோ. சிலிண்டருக்குள்ள ஒயிலோ பெற்றோலோ தேங்கியிருக்கலாம். திரவம் அமுங்காது, பிஸ்ரனைப் பிடிக்கிற கனெக்ரிங் ரொட்தான் வளையும். பிளக்கைக் கழட்டிப்போட்டு எஞ்சினைச் சுத்தவிட்டால் அது வெளியில பீச்சிப்போடும். பிளக் ஓட்டைக்கு முன்னால முகத்தைக் கொண்டுபோகாதேங்கோ, கிட்ட நெருப்பும் வேண்டாம்.

இனி ஹாண்டில். பைக்குக்கு முன்னால குந்தி இருந்து பாருங்கோ. முன் சில்லை ரெண்டு பக்கமும் தாங்குற குழாயளைத்தான் போர்க் குழாய் எண்டுறது. நேரான தடி ஒண்டை அது ரெண்டிலயும் குறுக்கால சாத்திப் பிடியுங்கோ. தடி ரெண்டு குழாயிலயும் நல்லாப் படுதோ? மேல குழாயளைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்புக்கு அது நேரா நிக்குதோ? நேரில்லையெண்டால் குழாய் கிளாம்புக்குள்ள முறுகியிருக்கு. நிண்ட இடத்தில விழுந்த பைக்குகளில அனேகமா இதுதான் நடக்கிறது. தடி நேரா நிண்டு, ஹாண்டில் நுனி மட்டும் ஒண்டு பின்னுக்கோ மேலயோ போயிருந்தால் ஹாண்டில் பார்தான் வளைஞ்சது. பாரை மாத்துங்கோ, நிமித்தாதேங்கோ.

முறுகலைக் கையாலயே எடுக்கலாம். முன் சில்லு அச்சு நட்டு, மட்காட் போல்ட்டுகள், கீழ்க் கிளாம்பு போல்ட்டுகள், இவ்வளவையும் தளர்த்துங்கோ. மேல்க் கிளாம்பில கை வைக்காதேங்கோ, ரெண்டையும் தளர்த்தினால் குழாய் மேல ஏறிவிடும். சில்லை முழங்காலுக்குள்ள இறுக்கிப் பிடிச்சு ஹாண்டிலை வலப்பக்கம் வெட்டி இழுங்கோ. பிறகு முன் பிறேக்கைப் பிடிச்சுக்கொண்டு முன்பக்கத்தை நாலைஞ்சு தரம் அமத்தி எழும்பவிட்டால் குழாயள் தானா ஒத்து இருக்கும். அதுக்குப் பிறகுதான் இறுக்கோணும். சில்லை மரத்தில முட்டக்குடுத்து இழுக்கிற ஆக்களும் இருக்கினம். காட்டு றோட்டில வேற வழியில்லாட்டி வீடு வந்து சேரச் சரி, அதோட விடக்கூடாது.

நேராக்கினாப் பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஹாண்டிலை ரெண்டு பக்கமும் முட்ட வெட்டுங்கோ. சத்தம் கூடினால் அக்சிலேற்றர் கேபிள் எங்கயோ இழுபடுது. முறுக்கி விட்டால் சட்டெண்டு தானா மூடோணும். நீங்கள் விழுந்தது இடப்பக்கம். வலப்பக்கம் விழுந்தால் பிடியின்ர நுனி உள்ளுக்குத் தள்ளுப்பட்டு அக்சிலேற்றர் திறந்தபடியே நிக்கும், அதுதான் ஆளையே கொண்டுபோற பிழை. முன் பிறேக் லீவரையும் அமத்திப் பாருங்கோ. பஞ்சு மாதிரி இருந்தால் குழாய்க்குள்ள காத்துப் போயிருக்கு, பிளீட் பண்ணி அந்தக் காத்தை வெளியில எடுக்காமல் ஓட வேண்டாம்.

இடப்பக்கம் விழுந்ததால கியர் லீவரை வடிவாப் பாக்கோணும். அது உள்ளுக்கு வளைஞ்சு எஞ்சின் கவரில இடிச்சிருக்கும். கவர் மெல்லிய அலுமினியம். லீவருக்குப் பின்னால விரலை விட்டுத் தடவுங்கோ, ஒயில் பிசுபிசுப்பு இருந்தால் வெடிச்சிருக்கு. பெற்றோலால துடைச்சுக் காயவிட்டு எப்பொக்சி பூசினால் பட்டணம் மட்டும் வரலாம். கியர் லீவர் இரும்பெண்டால் வளைச்சு எடுக்கலாம். கிளச் லீவர் வார்ப்பு அலுமினியம், நிமித்தப் போனால் படக்கெண்டு முறியும். வளைஞ்சிருந்தாலும் பிடிக்க ஏலுமெண்டால் விடுங்கோ, புதுசொண்டை வாங்கிப் பெட்டிக்குள்ள போட்டு வையுங்கோ. ஒட்டுசுட்டான் காட்டுக்க கராஜ் தேடேலாது.

பெட்டிச் சட்டம் உள்ளுக்குத் தள்ளுப்பட்டு ரயருக்கோ செயினுக்கோ கிட்ட வந்திருக்கோ எண்டு ஒராளைப் பின்னால இருத்திப் பாருங்கோ. தண்ணி ஊத்துற பழைய பற்றறியெண்டால் அசிட் சிந்தியிருக்கும், அப்பச்சோடா கரைச்ச தண்ணியால கழுவிவிடுங்கோ.

கிரவல்ல நிப்பாட்டேக்க ஸ்ராண்டுக்குக் கீழ ஒரு பலகைத் துண்டு வையுங்கோ. கெட்டி நிலம் தேடி பத்தைக்குள்ள உருட்டிக்கொண்டு போகாதேங்கோ. வன்னியில இன்னும் மிதிவெடிப் பலகை நிக்கிற இடங்கள் இருக்கு. கழண்டு விழுந்த சாமான் பலகைக்கு அங்கால போயிருந்தால் அது போகட்டும்.

எல்லாம் இறுக்கினாப் பிறகு பெட்டியில்லாமல் ஒட்டுசுட்டான் மட்டும் போட்டு வாங்கோ. வந்து அதே போல்ட்டுகளைத் திரும்பவும் இறுக்கிப் பாருங்கோ. மெதுவா ஓடேக்க பிடியை லேசாத் தளர்த்தினால் ஒரு பக்கம் இழுக்குதெண்டால் போர்க் குழாயே வளைஞ்சிருக்கலாம். கராஜில குடுங்கோ, மன்னாரை அடுத்த கிழமைக்குத் தள்ளி வையுங்கோ.