மணியோசை முன்னே: பேண்டு மாஸ்டர்கள் பாராட்டு விழாவில் பேசியது

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தாளாளர் அவர்களே, வரவேற்புரை என்று தொடங்கி வாழ்த்துரையும் சேர்த்தே வழங்கிவிட்ட தலைமையாசிரியர் அவர்களே, நேரமில்லை நேரமில்லை என்று சொல்லியும் கடைசிவரை இருக்கப்போகும் கல்வி அலுவலர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களே, பழைய மாணவர்களே, எல்லோருக்கும் மேலாக இன்றைய விழாவின் நாயகர்களான பேண்டு மாஸ்டர்களே, இசை ஆசிரியர்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டியலை எழுதிக் கொடுத்தவரின் கையெழுத்து எனக்குப் பிடிபடவில்லை. தலைவர் அவர்களுக்கு மட்டும் இன்னொரு முறை வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். என்னைப் போன்றவனுக்கு ஒலிபெருக்கியைக் கொடுக்கத் துணிச்சல் வேண்டும்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த பழமொழி. ஒரு பள்ளியின் விழாவுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கட்டடத்தை அல்ல, கேட்பது பேண்டை. தெருமுனையில் வரும்போதே பெரிய டிரம்மின் அடி நம் வயிற்றில் விழுகிறது. கொடி ஏறுவதற்கு முன்னால் பேண்டு, விருந்தினர் நடந்து வருவதற்கு முன்னால் பேண்டு, ஓட்டப்பந்தயக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வருவதற்கு முன்னாலும் பேண்டு. ஆனால் மாலை யானைக்குத்தான் விழுகிறது. மணி கட்டியவர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. இன்றைக்குக் கேட்டிருக்கிறோம், அதற்காக விழாக் குழுவுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, இந்தப் பள்ளி பேண்டு என்பது எங்கிருந்து வந்தது. இரண்டு, பேண்டு மாஸ்டர் உண்மையில் என்னதான் செய்கிறார். மூன்று, அடுத்த தலைமுறை இசை ஆசிரியர்களை எப்படி உருவாக்குவது. இடையில் நான் காதைப் பற்றியும் பேசிவிடுவேன் என்று என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். வீட்டில் கிளம்பும்போது, "இன்னைக்காவது காதை விட்டுட்டுப் பேசுங்க" என்றுதான் மனைவி வழியனுப்பினாள். முயற்சி செய்கிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய டிரம்மும் சிம்பலும் ஐரோப்பியப் படை வாத்தியங்களில் சேர்ந்தது துருக்கிய ஒட்டோமான் படையின் மெஹ்தர் எனும் வாத்தியக் குழுக்களைப் பார்த்துத்தான். எதிரியின் சத்தத்தைக் கேட்டுப் பயந்தவர்கள், அப்புறம் அதே சத்தத்தைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். பெல்ஜியத்தில் பிறந்த வாத்தியம் செய்பவர் அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். அணிநடை இசைக்குப் பேர்போன இசையமைப்பாளர் ஜான் ஃபிலிப் சூசா 1880 முதல் 1892 வரை அமெரிக்க மரைன் படையின் பேண்டை நடத்திவிட்டு, சொந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போனார். உடம்பில் வளைத்து மாட்டிக்கொள்ளும் பெரிய குழல் இருக்கிறதே, சூசாபோன், அது 1890களில் அவர் விருப்பப்படி செய்யப்பட்டது. முதலில் அதன் வாய் வானத்தைப் பார்த்து இருந்ததால், மழை பிடிக்கும் பாத்திரம் என்று கேலி செய்தார்களாம். 1932இல், எழுபத்தேழு வயதில், இன்னொரு ஊர்க்காரர்களின் பேண்டுக்கு ஒத்திகை நடத்தி முடித்த இரவில் அவர் உயிர் பிரிந்தது. பேண்டு மாஸ்டர்களுக்கு ஓய்வு பெறத் தெரியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

முதல் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவில் படையில் வாசித்தவர்கள் பலர் பள்ளிகளுக்குள் ஆசிரியர்களாக வந்தார்கள். 1923இல் சிகாகோவில் பள்ளி பேண்டுகளுக்குத் தேசிய அளவில் போட்டியே நடந்தது. வாத்தியம் செய்யும் கம்பெனிகளும் பின்னால் நின்றன, வியாபாரம் இல்லாமலா? வில்லியம் ரெவெல்லி என்பவர் ஹோபார்ட் என்ற சிற்றூரின் பள்ளியில் தொடங்கி, தேசியப் பரிசுகள் வாங்கி, 1935 முதல் 1971 வரை மிச்சிகன் பல்கலைக்கழக பேண்டை நடத்தினார். வில்லியம் ஃபாஸ்டர் 1946 முதல் 1998 வரை ஃபுளோரிடாவில் ஒரே பல்கலைக்கழகத்தில், கறுப்பின மாணவர்களுக்கென்று தோன்றிய ஒரு நிறுவனத்தில், ஐம்பத்திரண்டு ஆண்டு. பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு விழாவில், 1989இல், பாரிஸ் வீதியில் அமெரிக்காவின் சார்பில் நடந்து போனது அவருடைய பிள்ளைகள்தான். ஐம்பத்திரண்டு ஆண்டு! மைக் பிடித்து ஐந்து நிமிடம் பேசவே எனக்கு நாக்கு வறள்கிறது.

சரி, மாஸ்டர் என்ன செய்கிறார்? கோலை ஆட்டுகிறார் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அவர் முன்னால் இருக்கும் தாளைப் பாருங்கள். டிரம்பெட் பிள்ளை தாளில் உள்ள "சி" என்ற ஸ்வரத்தை ஊதினால் வெளியே கேட்பது "பி ஃபிளாட்". ஆல்ட்டோ சாக்ஸபோன் பிள்ளை அதே "சி" ஊதினால் வருவது "ஈ ஃபிளாட்". புல்லாங்குழலோ சொன்னதையே ஊதும். இத்தனையையும் மனத்துக்குள் மாற்றிக்கொண்டே, மூன்றாவது வரிசையில் எவன் தப்பாக ஊதினான் என்று கண்டுபிடிக்க வேண்டும். டிரம்பெட்டுக்கு மூன்று பித்தான், குழாயை இழுத்து நீட்டி ஊதும் டிராம்போனுக்கு அதுவும் கிடையாது, கைநீளம்தான் கணக்கு. கிளாரினெட்டில் மேல் ஸ்தாயிக்குப் போனால் விரல் முறையே மாறிவிடும். எல்லா வாத்தியமும் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சம் தெரிய வேண்டும், பதினொரு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு. ஒட்டிக்கொண்ட வால்வையும் அவரே எண்ணெய் போட்டு எடுக்க வேண்டும்.

மைதானத்தில் இன்னொரு கஷ்டம் உண்டு. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நிற்கும் டிரம்மின் அடி உங்களிடம் வந்து சேர ஒரு நொடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஆகும். நிமிடத்துக்கு 120 அடி என்பது நடைக்கு வழக்கமான வேகம், அப்படியானால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அரை நொடி. ஆக, எல்லோரும் தங்கள் காதுக்குச் சரியாக வாசித்தால் பார்வையாளருக்கு அடிகள் முந்திப் பிந்திச் சிதறிக் கேட்கும். அதனால்தான் பின்வரிசை கோலைப் பார்த்து வாசிக்க வேண்டும், முன்வரிசை பின்னாலிருந்து வருவதைக் கேட்டு வாசிக்க வேண்டும் என்று மாஸ்டர் தொண்டை கிழியக் கத்துகிறார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. மைதானத்தில் மணியோசை கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பரவாயில்லை, இது கேட்க வேண்டிய கதை.

எங்கள் பள்ளி பேண்டில் பெரிய டிரம் அடித்தவன் என் நண்பன். பெயர் சொல்ல மாட்டேன். இதோ மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறான். ஆள் குட்டை. டிரம்மை நெஞ்சில் மாட்டினால் முன்னால் எதுவும் தெரியாது, பக்கத்தில் வருபவனின் சட்டைக் கையைப் பார்த்துத்தான் நடப்பான். விளையாட்டு விழா. சிறப்பு விருந்தினர் வந்து உட்கார்ந்தாயிற்று. நாங்கள் மைதானத்தின் நீளவாட்டில் நடந்து, கோடியில் இடதுபக்கம் திரும்ப வேண்டும். பத்து முறை ஒத்திகை பார்த்தது. அன்றைக்குப் பார்த்து, பக்கத்தில் வரவேண்டிய சிம்பல்காரனுக்குக் காய்ச்சல். எங்கள் பேண்டு இடதுபக்கம் திரும்பியது. டிரம் திரும்பவில்லை. நேராகப் போனது. அடி ஒன்றுகூடத் தப்பவில்லை, அதுதான் விசேஷம்! டம், டம், டம் என்று மைதானக் கோட்டைத் தாண்டி, தண்ணீர்ப் பானைகளைத் தாண்டி, திறந்திருந்த பக்கவாசல் வழியாகத் தெருவுக்கே போய்விட்டான். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பேண்டுக்குப் பின்னால் அணிவகுத்து வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, டிரம் சத்தம் எங்கே போகிறதோ அங்கே போ என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தது. அவர்களும் போனார்கள். ஒரு வகுப்பே, கைவீசி, கம்பீரமாக, தெருவுக்கு. விருந்தினர் எழுந்து நின்று வணக்கம் செலுத்தத் தயாராக இருந்தார். அவர் முன்னால் வந்தது டிரம் இல்லாத பேண்டும், அதற்குப் பின்னால் யாருமில்லாத வெறும் மைதானமும்.

மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? அடிக்கவில்லை, திட்டவில்லை. எங்களை அதே மெட்டில் நின்ற இடத்திலேயே கால் மிதிக்கச் சொன்னார். தெருவுக்கு ஓடினார். டிரம்மின் ஓரத்தை ஒரு கையால் பிடித்து, ஓடுகிற வண்டியின் திசையை மாற்றுவதுபோல, அடி நிற்காமல் அவனை அப்படியே ஒரு வட்டமாகத் திருப்பி, முன்வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தார். வகுப்பும் பின்னாலேயே வந்தது. ஒலிபெருக்கியில் ஆசிரியர் ஒருவர் சமயோசிதமாக, "இப்போது ஏழாம் வகுப்பு மாணவர்களின் சிறப்பு அணிவகுப்பு" என்று அறிவித்துவிட்டார். விருந்தினர் அதைத்தான் தன் பேச்சில் பாராட்டினார். நண்பனுக்கு என்ன நடந்ததென்றே மாலைவரை தெரியாது.

சிரிக்கலாம். அந்த மாஸ்டரைப் பல வருடம் கழித்துப் பார்க்கப் போனேன். "சட்டை நன்றாக இருக்கிறது ஐயா" என்றேன். "பட்டையா, எந்தப் பட்டை?" என்றார். பெரிய டிரம் அடித்தால் கேட்கும். பிக்கோலோ என்ற கீச்சுக்குரல் குட்டிப் புல்லாங்குழலை ஊதினால் கேட்காது. அந்தக் காலத்திலேயே ஒத்திகை முடிந்ததும், "என் காதுக்குள்ள ஒரு பிக்கோலோக்காரன் குடியிருக்கான், சம்பளமே கேக்கறதில்ல" என்று சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. காதில் கேட்கும் அந்த ரீங்காரம்தான் மணியோசை. பின்னால் வந்த யானை கேளாமை.

ஆகவே காதுக்கு வந்துவிட்டேன். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை.

பணியிடத்தில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தாங்கத்தக்க ஒலி அளவு 85 டெசிபல் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கிறது. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதி. 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டு, 94 என்றால் ஒன்று. 100 என்றால் கால் மணி நேரம். பேண்டு ஒத்திகை அறையை நினைத்துப் பாருங்கள்: தாழ்ந்த கூரை, சிமெண்டுச் சுவர், மூடிய ஜன்னல், நடுவில் நாற்பது பிள்ளைகள், சுற்றிலும் பித்தளை. அந்த அறையில் 90ஐத் தாண்டுவது சாதாரணம், உச்சத்தில் 100ஐத் தொடும். பிள்ளை ஒரு பாடவேளை இருந்துவிட்டுப் போகிறான். மாஸ்டர்? காலை முதல் மாலைவரை, ஒரு குழு போனால் அடுத்த குழு. முப்பது வருடம். நெருப்பு அணைப்பவருக்குத் தலைக்கவசம் கொடுக்கிறோம், இவருக்குக் கேடயம் கொடுக்கிறோம். கேடயத்தைக் காதில் வைத்துக்கொள்ள முடியாதே!

உள்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய பதினைந்தாயிரம். புல்தரையில் ஒருநாள் நடந்தால் புல் மறுபடி நிமிர்ந்துவிடும், தினமும் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும். அப்படித்தான் இவையும். செத்த செல் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கூர்மையான ஒலிகள். பேச்சில் ச, த போன்ற எழுத்துகளை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஒலிகள்தான். அதனால் பாதிக்கப்பட்டவர், "கேட்கிறது, புரியவில்லை" என்பார். வீட்டில் உள்ளவர்கள், கவனிக்காமல் இருக்கிறார் என்று கோபிப்பார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் கூர்மையான ஒலிகளை அதிகமாக வெட்டிவிடும், இசை மந்தமாகிவிடும். அதனால்தான் இசைக்காரர்களுக்கு அது பிடிப்பதில்லை. எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பான் 1980களிலிருந்தே இருக்கிறது. பதினைந்து டெசிபல் குறைத்தால், 100 என்பது 85 ஆகிறது. கால் மணி நேரம், எட்டு மணி நேரமாகிறது! ஒரு சின்ன ரப்பர்த் துண்டு செய்யும் வேலை இது. சுவரில் கனமான திரை, ஒலியை விழுங்கும் பலகை, வருடத்துக்கு ஒருமுறை செவிப் பரிசோதனை, ஒத்திகை அறையில் ஒலியின் அளவைக் காட்டும் ஓர் ஒலிமானி. வாத்தியம் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிதில்லை. கல்வி அலுவலர் அவர்கள் குறித்துக்கொள்வதைப் பார்க்கிறேன், மிக்க நன்றி. குறிப்பேடு கைக்குள்ளேயே இருந்துவிடக் கூடாது என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு மாஸ்டர் என்னிடம், "மாணவர்கள் முன்னால் காதை அடைத்துக்கொண்டு நின்றால், நான் அவர்கள் வாசிப்பைக் கேட்க விரும்பவில்லை என்று நினைப்பார்களே" என்றார். நியாயமான கூச்சம். ஆனால் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுங்கள். டிரம் பிரிவுக்கு முதலில். மாஸ்டர் போட்டுக்கொண்டால் அவர்களும் போட்டுக்கொள்வார்கள். விசில் ஊதும்போது மாஸ்டர் தன் காதைத் திருப்பிக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். பெரும்பாலும் மாட்டார், பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது விஷயம், அடுத்த தலைமுறை ஆசிரியர்கள். தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். "போதும்" என்று எழுதியிருக்கிறது, கையெழுத்து இந்த முறை நன்றாகவே புரிகிறது. அதை இன்னொரு மேடையில் பேசுகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், ஓர் அறிவிப்பு. வாசலில் மேசைமேல் ஒரு மனு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பள்ளி பேண்டு அறைக்கும் ஒலிமானி, காதடைப்பான், ஆண்டுக்கொரு பரிசோதனை. போகும்போது கையெழுத்துப் போடுங்கள். மாஸ்டர்கள் முதலில் போட வேண்டாம், உங்களுக்காக மற்றவர்கள் போடட்டும். அறிவிப்பு என்னவென்றால், இப்போது நம் பிள்ளைகள் மேடைக்குக் கீழே வாசிக்கப் போகிறார்கள். டிரம்பெட் வரிசை நேராக முன்வரிசையைப் பார்த்து நிற்கிறது. முன்னால் இருப்பவர்கள் நான்கு வரிசை தள்ளி உட்காரலாம், நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. தலைவர் அவர்கள் மேடையை விட்டு நகர முடியாது. அதனால் என் சட்டைப்பையில் இருக்கும் புதுக் காதடைப்பான் ஜோடியை அவருக்கே கொடுத்துவிட்டு உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.